கினோவா கசந்தால் குற்றம் உங்கள் சமையலில் இல்லை

கேள்வி: குடியாத்தம் தாண்டி பரதராமியில் இருக்கிறோம். கணவருக்குச் சர்க்கரை. சித்தூரிலிருந்து வரும் ஏஜென்ட் ஒருவர், "சோற்றுக்குப் பதில் இதையே போடுங்கள், சர்க்கரை ஏறவே ஏறாது. கழுவினால் சத்து போய்விடும்" என்று சொல்லி ஒரு கிலோ கினோவா கொடுத்தார். குக்கரில் மூன்று விசில் விட்டேன். நுரைத்துப் பொங்கி, கசப்பும் குழைவுமாக வந்தது. மீதியை என்ன செய்வது?

பதில்: மீதியைத் தூக்கிப்போட வேண்டாம். வெந்து கசந்ததை மட்டும் கொட்டிவிடுங்கள், அதை இனித் தேற்ற முடியாது.

கழுவக் கூடாது என்று சொன்னவர் அதைச் சமைத்தே பார்த்திருக்க மாட்டார். கினோவா விதையின் மேல்தோலில் சப்போனின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. பூந்திக்கொட்டை நுரைப்பதும் இதனால்தான். புரதம் விதைக்குள்ளே இருக்கிறது, கழுவினால் எங்கும் ஓடிவிடாது.

அரிசி களையும் பாத்திரத்தில் போட்டு உள்ளங்கையால் தேயுங்கள். முதல் தண்ணீர் சோப்புத் தண்ணீர் மாதிரி வரும். நுரை நிற்கும்வரை தண்ணீரை மாற்றுங்கள். சாதாரண வடிதட்டில் விதை ஒழுகிவிடும், டீ வடிகட்டியோ பழைய வேட்டித் துணியோ போதும். இரண்டு விதையை எடுத்து நாக்கில் வையுங்கள். கசந்தால் இன்னொரு தண்ணீர். கவரில் 'கழுவியது' என்று போட்டிருந்தாலும் ஒரு முறை அலசிவிடுங்கள்.

அப்புறம் நன்றாக வடித்து, வாணலியில் ஈரம் போக இரண்டு நிமிடம் வறுங்கள். ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். மூடி, சிறு தீயில் 15 நிமிடம். அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் திறக்காமல் விடுங்கள். குக்கர் இதற்குத் தேவையில்லை.

வெந்ததும் ஒவ்வொரு விதையிலிருந்தும் மெல்லிய வெள்ளை வளையம் ஒன்று வால் போல் பிரிந்து நிற்கும். அது விதையின் முளை. அந்த வால் வராமல், மஞ்சள் மணியாகவே வெந்து நின்றால், உங்களிடம் விற்றது தினையாக இருக்கலாம். தினை நல்ல பண்டம்தான், ஆனால் அதற்குக் கினோவா விலை எதற்கு? மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுப்பவரிடம் வாங்காதீர்கள். பில், ஒட்டிய கவர், அதில் 14 இலக்க உணவு உரிம எண், மூன்றும் வேண்டும்.

சரி, சர்க்கரை. 'ஏறவே ஏறாது' என்பது பொய். நூறு கிராம் அரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 78 கிராம் என்றால், சமைக்காத கினோவாவில் 64. புரதம் இதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு, நாரும் அதிகம், ஆகவே சர்க்கரை மெதுவாக ஏறும். தட்டு நிறையப் போட்டால் அந்த லாபமும் போச்சு. ஒரு கப் வெந்தது, கூடவே காய், பருப்பு.

ஒருவருக்கு மட்டும் நான் கண்டிப்பாகத் தடை சொல்வேன்: சர்க்கரையோடு சிறுநீரகமும் பழுதானவர். வெள்ளை அரிசியைவிட இதில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் பல மடங்கு. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை கிரியாட்டினின். 'கிரியாட்டினின் கொஞ்சம்தான் கூட' என்பார்கள். கொஞ்சம் கூடினாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். கால் வீங்குகிறது என்றாலும் அப்படியே. சொந்தக்காரர் ஒருவர் சாப்பிட்டுத் தேறினார் என்பது இதில் கணக்கில் வராது. உங்கள் கணவருக்குக் கடைசியாக எப்போது கிரியாட்டினின் பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைப் பாருங்கள்.

இவ்வளவையும் நான் எழுத வேண்டியதே இல்லை. 'நுரை போகக் கழுவவும்' என்று கவரில் தமிழிலும் தெலுங்கிலும் ஒரு வரி போட யாருக்கும் மனம் வரவில்லை, இருப்பதெல்லாம் எறும்பு ஊர்ந்த ஆங்கிலம். மருத்துவமனையில் ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கும் உணவுத் தாளிலும் இப்போது கினோவா ஏறிவிட்டது. கூலி வேலைக்குப் போகிறவரிடம் அதை நீட்டும் முன் விலையை யாராவது பார்த்தார்களா? பொலிவியா, பெரு மலைக்காரர்களின் சாப்பாடு அது. உங்கள் ஊர்ச் சந்தையில் கேழ்வரகும் சாமையும் கிடைக்கின்றன. இந்த ஒரு கிலோ தீர்ந்ததும் அவற்றுக்குப் போங்கள், அளவு மட்டும் அதே ஒரு கப்தான்.