விண்கல்லுக்குள் அமினோ அமிலம்: சேலத்துக்காரர்கள் கேட்டதும் என் பதிலும்

பென்னு சிறுகோளின் மண்ணில் சர்க்கரை கிடைத்த செய்தியைப் பகிர்ந்தாலும் பகிர்ந்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. வேதியியல் வாத்தியார் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அஸ்தம்பட்டி: சர்க்கரை, அமினோ அமிலம் எல்லாம் இருக்கிறதென்றால் அங்கே உயிர் இருந்தது என்றுதானே சார் அர்த்தம்?

இல்லைங்க. நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 2023 செப்டம்பர் 24-ல் யூட்டா பாலைவனத்தில் இறக்கிய மண் 121.6 கிராம். உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்தன, டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டுக்கும் எழுத்துகள் மாதிரி வேண்டிய ஐந்து காரங்களும் (நியூக்ளியோபேஸ்) இருந்தன, பிறகு ரைபோஸ், குளுக்கோஸ் என்ற சர்க்கரைகளும் கிடைத்தன. பட்டியலைப் பார்த்தால் நீங்கள் நினைப்பதுபோலத்தான் தோன்றும். ஆனால் உயிர் ரொம்பக் கறாரான ஆசாமி, தனக்கு வேண்டியதை மட்டும்தான் செய்துகொள்ளும். 1969 செப்டம்பர் 28-ல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் 90-க்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள், பெரும்பாலானவற்றை நம் உடம்பு சீண்டுவதே இல்லை. ஒரே மூலக்கூறு வாய்ப்பாட்டுக்கு எத்தனை அமைப்பு சாத்தியமோ கிட்டத்தட்ட அத்தனையும் கிடக்கும், கார்பன் எண்ணிக்கை கூடக்கூட அளவு குறைந்துகொண்டே போகும். தேர்வே இல்லாமல் எல்லாம் கலந்து கிடப்பதுதான் அது வெறும் வேதியியல் என்பதற்குச் சாட்சி.

1970-ல் மர்ச்சிசன் முடிவை வெளியிட்ட நாசா குழுவில் முக்கியமானவர் சிரில் பொன்னம்பெரும, இலங்கையின் காலியில் பிறந்தவர், நம் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துவிட்டு வேதியியலுக்கு வந்தவர். இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

ஆத்தூர்: அதெல்லாம் பூமியில் ஒட்டிய அழுக்காக இருக்கக் கூடாதா?

வந்ததிலேயே உருப்படியான கேள்வி இதுதான். 1864-ல் பிரான்சில் ஓர்கெய் என்ற ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. அதன் துண்டு ஒன்று கண்ணாடிச் சாடிக்குள் பத்திரமாக இருந்தது. நூறு வருஷம் கழித்து உடைத்துப் பார்த்தால் உள்ளே செடி விதை! ஆனால் கூடவே நிலக்கரித் துணுக்கும் பசையும் இருந்தன. எவனோ ஒரு குறும்பன் அந்தக் காலத்திலேயே வேலை காட்டியிருக்கிறான், பாவம், யாரும் கவனிக்காமலே அவன் காலம் முடிந்துவிட்டது.

இப்போது ஐசோடோப்பை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களைப் பார்க்கிறார்கள். விண்கல் அமினோ அமிலங்களில் கனமான ஹைட்ரஜனும் (டியூட்டீரியம்) கனமான கார்பனும் (கார்பன்-13) பூமிச் சரக்கில் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். கடுங்குளிரான விண்வெளியில் உருவான பொருளுக்கு அது அடையாளம், கை அழுக்கில் அது வராது. நேரே போய் அள்ளிக்கொண்டு வருவதும் இதற்காகத்தான். ஜப்பானின் ஹயபுசா2 ரியுகு சிறுகோளிலிருந்து 2020 டிசம்பரில் கொண்டுவந்தது 5.4 கிராம்தான், ஆனாலும் அதில் ஆர்.என்.ஏ. காரங்களில் ஒன்றான யுராசில் கிடைத்தது. பென்னு மண்ணை ஹூஸ்டனில் நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் வைத்துத்தான் தொடுகிறார்கள். மண் இருந்த கலனின் மூடியில் 35 திருகுகளில் இரண்டு கழலவே இல்லை. அவசரப்பட்டு நெம்பாமல் அதற்கென்றே புதுக் கருவி செய்து, 2024 ஜனவரியில்தான் கழற்றினார்கள். அந்தப் பொறுமை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஏற்காடு, காப்பித் தோட்டத்திலிருந்து: கல்லுக்குள் இருப்பதை எப்படி அண்ணா பிரிக்கிறார்கள்?

உங்களுக்குச் சொல்வது சுலபம், டிகாக்‌ஷன் இறக்குகிற மாதிரிதான். கொஞ்சம் கல்லைப் பொடித்து, சுத்தமான தண்ணீரோடு கண்ணாடிக் குழாயில் அடைத்து மூடி, 100 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வைப்பார்கள். இறங்கிய சாற்றை அமிலத்தில் பக்குவப்படுத்தி, குரோமட்டோகிராப் என்ற பிரிக்கும் கருவியில் ஒவ்வொன்றாகப் பிரித்து எடை பார்ப்பார்கள். கூடவே கல்லே போடாத வெறும் குழாய் ஒன்றுக்கும் அதே வேலை நடக்கும். அதிலும் ஏதாவது தெரிந்தால் அது நம்ம ஊர்ச் சரக்கு.

வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர்: நம்ம கல்லுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு! நம் சாக் ஹில்ஸில் மெக்னீசியம் நிறைந்த கரும்பாறையில் கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர் புகுந்துதான் மேக்னசைட், அதாவது உங்கள் வெள்ளைக்கல் உண்டானது. ரியுகு மண்ணிலும் இரும்பு கலந்த மேக்னசைட் இருக்கிறது, பென்னுவில் கார்பனேட்டோடு, உப்புநீர் வற்றிப் படிந்த உப்புகளும் இருக்கின்றன. அதாவது இவை எந்தத் தாய்க்கோளிலிருந்து உடைந்தனவோ, அதற்குள் ஒரு காலத்தில் பனி உருகித் தண்ணீர் நின்றிருக்கிறது. அலுமினியம்-26 என்ற கதிரியக்க அணு சிதைந்த சூடு அந்தப் பனியை உருக்கியது. அந்த நீரில் அம்மோனியாவும் ஃபார்மால்டிஹைடும் இருந்தால் அமினோ அமிலத்துக்கு வழி பிறந்துவிடும், பென்னுவில் இரண்டுமே கிடைத்திருக்கின்றன.

ஓமலூர், பிளஸ் டூ மாணவி: நம் உடம்பில் இடக்கை அமினோ அமிலம் மட்டும்தானே சார், அது விண்கல்லிலிருந்து வந்ததா?

நல்லாக் கேட்டாய் கண்ணு. நம் இரு கைகள் மாதிரி, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்களைத்தான் இடக்கை, வலக்கை என்கிறோம். மர்ச்சிசனில் ஐசோவலின் என்ற அமினோ அமிலம் இடக்கை வடிவத்தில் கூடுதலாக இருந்தது, ஒரு மாதிரியில் 18 சதவீதம் வரை. ஆகா, விடை கிடைத்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். பென்னுவிலோ இடமும் வலமும் ஏறக்குறைய சரிபாதி. அந்த நம்பிக்கை இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. பூமிக்கு வந்த பிறகு இங்கேயே ஏதோ தேர்வு நடந்திருக்கலாம் என்பது என் கட்சி. பரீட்சையில் அதை எழுதிவிடாதே.

மேட்டூர்: எரிந்துகொண்டே விழும்போது எல்லாம் கருகிவிடாதா?

மேல்தோல் சில மில்லிமீட்டர்தான் உருகும். சூடு உள்ளே இறங்க நேரமே கிடைக்காது. மர்ச்சிசன் துண்டுகளில் சாராய ஸ்பிரிட் வாடை அடித்ததாகப் பொறுக்கியவர்கள் சொன்னார்கள்.

இளம்பிள்ளை: கஞ்சமலை அடிவாரத்தில் கறுப்பாக, கனமாக ஒரு கல் கிடைத்தது. காந்தம் ஒட்டுகிறது. விண்கல்தானே?

கஞ்சமலையே இரும்புத் தாதுதான் தலைவரே, காந்தம் ஒட்டாவிட்டால்தான் ஆச்சரியம். டைல்ஸின் பின்பக்கச் சொரசொரப்பில் தேய்த்துப் பாருங்கள், கறுப்புக் கோடு விழுந்தால் பெரும்பாலும் மேக்னடைட் என்ற இரும்புத் தாது. கார்பன் நிறைந்த விண்கல் இப்படிக் கெட்டியாக இருக்காது, கையிலேயே உதிரும். 2017-ல் ஜெய்ப்பூர் பக்கம் முகுந்த்புராவில் விழுந்தது அந்த ரகம். அப்படி ஒன்று கண்ணெதிரே விழுந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், கழுவாதீர்கள், சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றி இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்குச் சொல்லுங்கள். முக்கியமாக, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துவிடாதீர்கள், மஞ்சளிலும் அமினோ அமிலம் இருக்கிறது.