கப்பல் திரும்பின கதை

"அண்ணா, வணக்கம். சிட்னியில வேலை பாக்கிறேன். துறைமுக யூனியன் ஸ்டிரைக்னாலே ஆபீஸ்ல எல்லாரும் திட்டுறாங்க. கிரேனே தானா ஓடுற காலத்துல யூனியன் எதுக்கு? அதுவும் வெள்ளைக்காரங்க யூனியன், நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

தம்பி,

கிரேனை விடுங்க, அதை யார் வேணா எழுதுவாங்க. அந்தக் கடைசி வரிதான் ரெண்டு நாளா உறுத்துது. கோவம் உங்க மேல இல்ல, உங்களுக்கு யாரும் சொல்லாம விட்டாங்களேன்னு.

போன வருஷம் அங்க வந்தப்ப சிட்னி துறைமுக ஓரத்துல இருக்கிற பாரங்காரூல நடந்தேன், ஒரே கண்ணாடிக் கட்டடம். 1930கள்ல அந்த ரோட்டுக்கு ஹங்ரி மைல், அதாவது பட்டினி மைல்னு பேரு. வேலை தேடி ஒவ்வொரு கப்பல்துறையா நடப்பாங்க, மேஸ்திரி வந்து திடமா இருக்கிறவனா பாத்து கை காட்டுவான், மாட்டுச் சந்தையேதான். எங்கப்பாவும் கூலிக்கு ஆள் எடுக்கிற இடத்துல காய்ச்சலை மறைச்சு நெஞ்சை நிமித்திட்டு நிப்பாரு, சின்னப் பையனா பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். அங்கேருந்து கால் நகரல எனக்கு.

வெள்ளைக்காரங்க யூனியன்கிறதுல பாதி உண்மைதான், மறைக்கல. சீனாக்காரங்களைக் கப்பல் வேலைக்கு வச்சாங்கன்னு 1878ல மாலுமிங்க யூனியன் ஸ்டிரைக் பண்ணுச்சு. ஆனா 1938ல சிட்னிக்குத் தெற்கே போர்ட் கெம்ப்ளா துறைமுகத்துல, சீனாவோட சண்டை போட்டுட்டிருந்த ஜப்பானுக்கு இரும்பு ஏத்த மாட்டோம்னு வாரக்கணக்கா சம்பளமில்லாம நின்னதும் இந்தத் துறைமுகத் தொழிலாளிங்கதான். இரும்பை ஏத்தியே ஆகணும்னு நின்ன மந்திரி மென்சிஸுக்கு (பின்னாடி பிரதமரானவரு) 'பிக் அயர்ன் பாப்', அதாவது வார்ப்பிரும்பு பாப்னு பட்டப்பேரு ஒட்டினது அப்பதான், கடைசி வரைக்கும் போகல.

இப்ப 1945க்கு வாங்க, நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது இதான். இந்தோனேசியா சுதந்திரம் அறிவிச்சிருச்சு, திரும்பப் பிடிக்க டச்சுக்காரன் ஆஸ்திரேலியாலேருந்து கப்பல் அனுப்பப் பாக்கிறான். இந்தோனேசிய மாலுமிங்க இறங்கிட்டாங்க, துறைமுகத் தொழிலாளிங்க சரக்கைத் தொட மாட்டேன்னுட்டாங்க. டச்சுக்காரன் யாரைப் பிடிச்சான் தெரியுமா? நம்ம இந்திய மாலுமிங்களை, குறைஞ்ச கூலிக்கு எது சொன்னாலும் செய்வாங்கன்னு. சிட்னிலேருந்து ஒரு கப்பல் அப்படிக் கிளம்பியே போச்சு. பின்னாடி ஒரு சின்னப் படகு துரத்திட்டுப் போயி, மெகாபோன்ல விஷயத்தைக் கத்திச் சொல்லி... நம்மாளுங்க வேலையை நிறுத்திட்டாங்க, கப்பல் திரும்பிருச்சு. சொந்த நாட்டுக்கே அன்னிக்கு சுதந்திரம் வரல தம்பி! வேலை போனா ஊர் திரும்பவே வழி தெரியாதவங்க. 'என்ன சம்பந்தம்'னு அவங்க கேட்டிருந்தா?

1998ல பேட்ரிக்னு ஒரு துறைமுகக் கம்பெனி ராத்திரியோட ராத்திரியா 1,400 யூனியன் ஆளுங்களை வெளிய தள்ளி நாயை விட்டுக் காவல் போட்டது, கோர்ட்டு திரும்ப உள்ள விடச் சொன்னது, இதெல்லாம் ஆபீஸ்ல திட்டுறவங்களையே கேளுங்க, வயசானவங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஞாயித்துக்கிழமை ஒருநாள் அந்த ரோட்டுல நடந்துட்டு எழுதுங்க. குளிர் ஜாஸ்தி, ஸ்வெட்டர் போட்டுக்கோங்க.