கோடையில் கந்தளாய்க் குளத்து நீர் ஏன் மண்வாசம் அடிக்கிறது? கிருமி கூடிவிட்டதா?

கிருமி எப்போதும் இருக்கிறது. எந்தக் குளத்து நீரிலும் ஒரு மில்லிலீற்றரில் சுமார் 10 இலட்சம் பற்றீரியா இருப்பது சாதாரணம். பெரும்பாலானவை இலைதழை, மாட்டுச் சாணம் எல்லாவற்றையும் தின்று ஊட்டச்சத்தாக நீருக்கே திருப்பித் தருபவை.

மண்வாசத்துக்குக் காரணம் ஜியோஸ்மின். நீலப்பச்சைப் பற்றீரியாவும், அக்டினோமைசீற்று என்ற இன்னொரு வகைப் பற்றீரியாவும் உண்டாக்கும் பொருள் அது. ஒரு லீற்றரில் 10 நனோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்த அளவில் கெடுதல் இல்லை.

சுவாரசியம் அடிச்சேற்றில்தான். வெயிலில் நீர் அசையாமல் கிடந்தால் அடியில் ஒட்சிசன் தீர்ந்துவிடும். உடனே அங்குள்ள பற்றீரியா நைத்திரேற்றையும், அப்புறம் இரும்பையும், சல்பேற்றையும் வைத்துச் 'சுவாசிக்க'த் தொடங்கும். சல்பேற்று முறைக்குத்தான் அழுகிய முட்டை நாற்றம். இரும்பு கரையும்போது அதோடு ஒட்டியிருந்த பொசுபரசும் வெளியேறும். வயல் உரம் போதாதென்று இதுவும் சேர, மேலே நீலப்பச்சைப் பற்றீரியா உட்படப் பாசி செழிக்கும்.

நான் பயப்படுவது வாசத்துக்கு அல்ல, பச்சைப் பெயின்ற் ஊற்றியது போன்ற படலத்துக்கு. அது மைக்ரோசிஸ்ரிஸ் என்ற நீலப்பச்சைப் பற்றீரியாவாக இருந்தால் ஈரலைப் பாதிக்கும் நஞ்சு இருக்கக்கூடும், கொதிக்கவைத்தாலும் அழியாது. மாடுகளையும் அந்தக் கரையில் இறக்காதீர்கள். மாரி மழையில் குளம் நிரம்பிக் கலங்கினால் படலம் பெரும்பாலும் கலைந்துவிடும்.