ஒற்றை ரேகை, ரெட்டைச் சுழி: மனநோய்க்கு அடையாளமா?

கேள்வி: என் மகனுக்கு வயது 16. வலது உள்ளங்கையில் குறுக்கே ஒரே ரேகைதான் ஓடுகிறது. சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருக்கும், தலையில் ரெட்டைச் சுழி. இதெல்லாம் மனச்சிதைவு நோய் வருவதற்கான அறிகுறி என்று செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். என் தம்பிக்கு அந்த நோய் உண்டு. மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது, இப்போது சும்மாதான் இருக்கிறான். மகனுக்கும் வருமா? தலையில் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?
- ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: ரெட்டைச் சுழி இருந்தால் ரெண்டு பொண்டாட்டி என்றுதான் நம்ம ஊரில் சொல்வார்கள். இப்போது மனநோயையும் அதன் தலையில் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. ஆனால் அந்த வீடியோவை முழுப் பொய் என்றும் தள்ள முடியாது. பாதி உண்மை, அதுதான் சிக்கல்.

கருவில் தோலும் மூளையும் ஒரே படலத்திலிருந்து உருவாகின்றன. காது மடல், மேல் அண்ணம், கை ரேகை எல்லாம் வடிவெடுக்கிற முதல் நாலைந்து மாதத்தில்தான் மூளைக்கும் அடித்தளம் விழுகிறது. அப்போது மரபணுக் கோளாறோ கடுமையான நோய்த்தொற்றோ குறுக்கிட்டால் இரண்டிலும் அதன் தடம் பதியலாம். இந்தச் சின்னச் சின்ன அடையாளங்களை எண்ணிக் கணக்கிட வால்ட்ராப் என்பவர் குழுவினர் 1968இல் ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்தது சின்னப் பிள்ளைகளின் நடத்தையை. பின்னால் வந்தவர்கள் அதை மனச்சிதைவு நோயாளிகளிடம் வைத்துப் பார்த்தபோது, மற்றவர்களைவிடச் சராசரியாகக் கூடுதல் அடையாளங்கள் இருந்தன.

சராசரியாக என்பதைக் கவனியுங்கள். பெரிய கூட்டத்தை ஒப்பிட உதவும் கணக்கு அது, உங்கள் பையனின் கையைப் பிடித்துப் பலன் சொல்ல உதவாது. திருநெல்வேலி ஜங்ஷனில் நின்று நூறு பேர் கையை விரித்துப் பார்த்தால் ரெண்டு மூன்று பேருக்காவது ஒற்றை ரேகை இருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு எந்த நோயும் இருக்காது. சுண்டுவிரல் வளைவு பரம்பரையாக வருவது சகஜம். உங்கள் வீட்டுக்காரர் விரலை ஒருமுறை பாருங்கள்.

உடல் அடையாளத்துக்கு மதிப்பு உள்ள இடமும் உண்டு. பிறக்கும்போதே அண்ணப் பிளவு, இதயத்தில் ஓட்டை, மூக்கால் பேசுவது, கால்சியம் குறைந்து வலிப்பு, படிப்பில் பின்தங்கல் இவையெல்லாம் சேர்ந்து வந்தால், 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறதா என்று சோதிப்போம். அந்தக் குறை உள்ளவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு வளர்ந்தபின் மனச்சிதைவு போன்ற நோய் வருகிறது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

ரேகையைவிடத் தாய்மாமன் உறவுதான் கணக்கில் வரும். பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வருகிற நோய் இது. மாமனுக்கு இருந்தால் மருமகனுக்கு நூற்றில் மூன்று, நான்கு என்று ஆகும். அதாவது நூறு பேரில் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அது வருவதே இல்லை. வருமா வராதா என்று முன்கூட்டிச் சொல்லும் ஸ்கேனும் கிடையாது, ரத்தப் பரிசோதனையும் கிடையாது. அந்தக் காசை வீணாக்காதீர்கள்.

பையன் விஷயத்தில் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: கஞ்சா. குடும்பத்தில் இந்த நோய் உள்ள பிள்ளைகளுக்கு அது நிஜமாகவே ஆபத்து. அப்புறம், வாரக்கணக்கில் தூக்கம் கெடுவது, குளிக்காமல் அறைக்குள்ளேயே கிடப்பது, தெருவே தன்னைப் பற்றிப் பேசுகிறது என்பது, தனியாகச் சிரிப்பது இப்படி மாற்றம் தெரிந்தால் உடனே கூட்டி வாருங்கள். மந்திரித்துவிட்டு, கோயில் கொடை முடியட்டும் என்று நாள் கடத்த வேண்டாம். மற்றபடி அவன் கையை விரித்து விரித்துப் பார்ப்பதை நிறுத்துங்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதுவே பயமாகிவிடும்.

நான் கவலைப்படுவது உங்கள் தம்பியைப் பற்றி. மாத்திரையை நிறுத்திச் சில மாதம் நன்றாக இருப்பது போலத் தெரியும், பிறகு நோய் திரும்புவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். 'சும்மாதான் இருக்கிறான்' என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோடும் பேசாமல் சும்மா இருக்கிறாரா, வேலைக்குப் போய் நிம்மதியாக இருக்கிறாரா? பழைய சீட்டோடு இந்த வாரமே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். வர மறுத்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.