மஞ்சள் கோடு போட்டாச்சு, கழிப்பறைப் பின்சுவரைப் பார்த்தீர்களா?

பள்ளிகளில் புகையிலைத் தடுப்பு பற்றி வந்த கேள்விகளில், வேலூர் மாவட்டத்திலிருந்து வந்த ஐந்துக்கு இந்த முறை பதில் சொல்கிறேன்.

வாசலில் பலகை வைத்துவிட்டோம், சாலையில் புகையிலை விற்பனைத் தடை எல்லையைக் காட்டும் மஞ்சள் கோடும் போட்டுவிட்டோம். 'புகையிலை இல்லாக் கல்வி நிறுவனம்' என்று சொல்லிக்கொள்ள இது போதாதா?
*தலைமை ஆசிரியை, கே.வி.குப்பம்*

போதாது அம்மா. மத்திய சுகாதார அமைச்சகம் 2019ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலில் 9 அம்சங்கள் இருக்கின்றன. பலகையும் கோடும் அவற்றில் சுலபமானவை. வளாகத்துக்குள் புகையிலை பயன்படுத்திய தடயமே இருக்கக்கூடாது என்று ஒரு அம்சம் உண்டு. நான் போய்ப் பார்த்த பள்ளிகள் அதில்தான் சறுக்கின.

ஒரு பள்ளியில் முகப்பு பளிச்சென்று இருந்தது. பையன்கள் கழிப்பறையின் பின்சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். செங்கல் இடுக்குகளில் மென்று சப்பிய சின்னச் சின்னப் புகையிலைப் பைகளைச் செருகி வைத்திருந்தார்கள். சில காய்ந்து பழுப்பாகிவிட்டன, இரண்டில் ஈரம்கூடக் காயவில்லை. புதினா வாசனை வந்தது. தண்ணீர்த் தொட்டியடியில் பீடித் துண்டுகள் கிடந்தன. அவை பையன்கள் போட்டவை அல்ல, கட்டட வேலைக்கு வந்த பெரியவர்கள் போட்டவை. அந்தப் பைகளுக்கு வகுப்பறையில் பேச்சு வேண்டும். பீடித் துண்டுகளுக்கு மேஸ்திரியிடம் கண்டிப்பு வேண்டும். இரண்டுக்கும் ஒரே உறுதிமொழி வாசித்துப் பயனில்லை.

பலகையையும் ஒருமுறை நின்று படியுங்கள். புகார் யாரிடம் சொல்வது என்று பெயர் இருக்க வேண்டும். மாற்றலாகிப் போனவரின் பெயரை இன்னும் தாங்கி நிற்கும் பலகைகளைப் பார்த்திருக்கிறேன். வளாகத்துக்குள் புகைப்பவரிடம் 200 ரூபாய் வரை அபராதம் வசூலிக்க, பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கும் 2008ஆம் ஆண்டு விதிகள் தலைமை ஆசிரியருக்கே அதிகாரம் தருகின்றன. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காவிட்டால், பொறுப்பில் இருப்பவரே அபராதம் கட்ட நேரும் என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது.

பள்ளிக்கூடம் வருவதற்கு முன்பிருந்தே என் பெட்டிக்கடை இங்கே இருக்கிறது. என்னை எடுக்கச் சொல்வது நியாயமா?
*வியாபாரி, காட்பாடி*

கடையை எடுக்கச் சட்டம் சொல்லவில்லை, புகையிலையை எடுக்கத்தான் சொல்கிறது. 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், விற்கக்கூடாது. யார் முதலில் வந்தது என்ற கணக்கு அதில் கிடையாது. அளவை வாசலிலிருந்து எடுப்பதும் இல்லை. வெளி மதிலிலிருந்து எல்லாப் பக்கமும் அளக்க வேண்டும். அதனால் பின்தெருவில் இருக்கிறேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

200 ரூபாய்தானே அபராதம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அது இந்த ஒரு சட்டத்துக்கு மட்டும்தான். 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில், குழந்தைக்குப் புகையிலை கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 'அப்பாவுக்கு வாங்கிட்டு வரச் சொன்னாரு' என்று கை நீட்டும் பையனும் குழந்தைதான்.

உங்கள் வருமானம் குறையும், அது எனக்குத் தெரியாமல் இல்லை. பேனா, நோட்டு, கடலை மிட்டாய், எலுமிச்சை ஜூஸ் என்று மாற்றிக்கொண்டு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்காரர்களும் அந்தக் கடையில் வாங்கி ஆதரவு கொடுக்க வேண்டும்.

ஆசிரியர் ஒருவர் இடைவேளையில் எதிர் டீக்கடையில் சிகரெட் பிடிக்கிறார். வளாகத்துக்கு வெளியேதானே?
*பெயர் வேண்டாம், அணைக்கட்டு*

டீக்கடையும் பொது இடம்தான், அங்கேயும் புகைக்கத் தடை உண்டு. அது ஒருபுறம் இருக்கட்டும். மாடி வகுப்பு ஜன்னலில் நாற்பது ஜோடிக் கண்கள் அவரைப் பார்க்கின்றன. அவரை எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்த வேண்டாம், தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது.

ஒன்பதாவது படிக்கும் என் மகன் பையில் புகையிலைப் பை கிடைத்ததாம். டி.சி. கொடுத்துவிடுவோம் என்கிறார்கள்.
*தாய், சத்துவாச்சாரி*

டி.சி. கொடுத்தால் பழக்கம் போகாது, பையன்தான் போவான். இதை நீங்கள் தயங்காமல் பள்ளியில் சொல்லலாம் அம்மா. 2019ல் 13 முதல் 15 வயது மாணவர்களிடம் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில், மெல்லும் புகையிலை பழகியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 10 வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தார்கள். உங்கள் பிள்ளைக்கும் இது இந்த வருஷம் வந்த பழக்கமாக இல்லாமல் இருக்கலாம்.

அடிக்காமல் கேளுங்கள்: யார் கொடுத்தது, எங்கே கிடைக்கிறது, எவ்வளவு காசு? குட்காவும் புகையிலை கலந்த பான் மசாலாவும் தமிழ்நாட்டில் 2013லிருந்தே தடையில் இருப்பவை. அவன் சொல்லும் கடையைப் பற்றிக் காவல் நிலையத்திலோ உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலோ புகார் கொடுங்கள். வாயை அகலத் திறக்கச் சொல்லி மூன்று விரல் நுழைகிறதா என்று பாருங்கள். பாக்கு கலந்ததைப் போடுகிறவர்களுக்கு வாய் மெல்ல மெல்ல இறுகும். நுழையாவிட்டால் உடனே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். விட முடியாமல் எரிச்சலும் தூக்கமின்மையுமாக இருந்தால், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். பைத்தியம் என்று ஆகிவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

நான் பீடி சுற்றித்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறேன். பள்ளியில் புகையிலை எதிர்ப்பு ஊர்வலத்துக்குப் போன என் மகள், வீட்டுக்கு வந்து அழுதாள்.
*பேரணாம்பட்டு*

இந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சுற்றும் கைகளை நம்பி எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. பள்ளிகள் இதை நினைத்துப் பேச வேண்டும். புகையிலை கெடுதல் என்று சொல்லலாம், பீடி சுற்றுகிறவர்கள் கெட்டவர்கள் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்ற விடக்கூடாது. உங்கள் மகளின் ஆசிரியரைப் பார்த்து இதைச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் உங்களிடம் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். பீடிக் கட்டு குறைகிறதே என்று அவளையும் சுற்ற உட்கார வைக்காதீர்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பீடி வேலையில் வீட்டில்கூட ஈடுபடுத்தக்கூடாது. புகையிலைத் தூளில் இருக்கும் நிகோடின் விரல் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். நீங்களும் சுற்றி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சோற்றில் கை வையுங்கள். தூளைச் சமையல் செய்யும் இடத்தில் வைக்காதீர்கள். பீடித் தொழிலாளர் அட்டை இருந்தால், மத்தியத் தொழிலாளர் நலத் துறையின் கல்வி உதவித்தொகைக்கு மகள் விண்ணப்பிக்கலாம். தேசியக் கல்வி உதவித்தொகை இணையதளம் வழியாகத்தான் பதிய வேண்டும். கடைசித் தேதிக்கு முன்பே பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள், அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.