கொல்லைப்புறத்துப் பனித்தளம்

ஐயா, வணக்கம்.

என் ஒன்பது வயது மகன் இங்கே கனடாவில், டொராண்டோ நகரின் ஸ்கார்பரோவில் ஐஸ் ஹாக்கி விளையாடுகிறான். அவனுடைய அணிக்கு ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஒரு காசும் வாங்காமல் பயிற்சி தருகிறார். அவருடைய சொந்தப் பிள்ளைகள் ஆட்டத்தை விட்டு இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. அணி தோற்றால் பெற்றோர் சிலர் அவரை முகத்துக்கு நேராகவே ஏசுகிறார்கள். மறுவாரம் விடியற்காலையில் எங்களுக்கு முன்பே வந்து நிற்கிறார். எதற்காக ஒருவர் வாழ்நாளை இப்படிக் கொடுக்க வேண்டும்?

அன்புடன்,
ம., ஸ்கார்பரோ

அன்புள்ள ம. அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும், டொராண்டோவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிராண்ட்ஃபர்டில் வாழ்ந்த வால்டர் கிரெட்ஸ்கி நினைவுக்கு வந்தார். ஐஸ் ஹாக்கியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று போற்றப்படும் வெய்ன் கிரெட்ஸ்கியின் தந்தை என்றே உலகம் அவரை அறியும். பெல் கனடா தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, குளிர்காலந்தோறும் வீட்டுக் கொல்லையில் பனித்தளம் அமைத்தவர் அவர். நீரை ஒரேயடியாகக் கொட்டினால் தளம் மேடுபள்ளமாக உறைந்துவிடும் என்பதால், புல்தரைக்கு நீர் தெளிக்கும் கருவியைக் கொண்டு மெல்லிய படலங்களாக உறையவிட்டார். அந்தக் கருவி பழுதான ஒரு குளிர்காலத்தில் புதியது வாங்க மனைவி ஃபிலிஸை அனுப்பினார். உறைபனியில் புல்லுக்கு நீர் தெளிக்க வந்த பெண்மணியைக் கடைக்காரர் பார்த்த பார்வையில், இனி இந்த வேலைக்கு என்னை அனுப்பாதீர்கள் என்று அவர் திரும்பிவந்து சொல்லிவிட்டாராம். அந்தத் தளத்தில் தகர டப்பாக்களை வரிசையாக வைத்து, அவற்றினூடே பக் எனப்படும் ரப்பர் வட்டைத் தள்ளிச் செல்லச் சிறுவன் வெய்னுக்குப் பழக்கினார் வால்டர்.

ஆனால் உங்கள் கேள்விக்குப் பொருந்துவது இதற்குப் பிறகு நடந்ததுதான். 1971-72 பருவத்தில் பத்து வயது வெய்ன் 378 கோல்கள் அடித்தபோது, பிற பிள்ளைகளின் பெற்றோருக்கு வயிறெரிந்தது. சொந்த ஊர்க்காரர்களே அந்தச் சிறுவனைப் பார்த்துக் கூச்சலிட்டு இழிவுபடுத்தினார்கள். அது தாளாமல் 14 வயதில் அவன் டொராண்டோவுக்குப் போய்விட்டான். தந்தை அந்த ஊரை விட்டுப் போகவில்லை. மகன் கோடீசுவரனான பிறகும் பழைய வீட்டிலேயே இருந்து, தன் பிள்ளையை விரட்டிய ஊரின் பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுத்தார். நானாக இருந்தால் அந்த அரங்கின் வாசலைக்கூட மிதித்திருக்கமாட்டேன்.

1991இல் அவருக்கு மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டது. உயிர் பிழைத்தார்; ஆனால் வெய்ன் எட்மன்டன் அணிக்காக நான்கு முறை, வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்ற காலத்து நினைவுகளில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. ஒரு தகப்பன் நெஞ்சு நிமிர்த்திக்கொள்ளக்கூடிய ஆண்டுகளே அவருக்கு இல்லாமற்போயின. அப்படிப்பட்டவர் தேறியதும் திரும்பிச் சென்றது சிறுவர் ஹாக்கிக்குத்தான். மகனின் பெருமையில் குளிர்காய்வதற்காக வந்தவர் என்றால், அந்தப் பெருமையே நினைவில் இல்லாதபோது அங்கே என்ன வேலை? 2007இல் கனடா அரசு அளித்த ஆர்டர் ஆஃப் கனடா விருதும் சிறுவர் ஹாக்கிக்கும் அறப்பணிகளுக்கும் ஆற்றிய தொண்டுக்காகவே தரப்பட்டது. 2021 மார்ச் 4 அன்று, 82ஆம் வயதில் காலமானார்.

நானும் ஒருமுறை கனடா வந்திருந்தபோது, இருள் பிரியாத ஒரு காலையில், பனியரங்கின் உடைமாற்றும் அறையில் உங்கள் பெரியவரைப் போன்ற ஒருவரைப் பார்த்தேன். ஸ்கேட்டிங் காலணியின் கயிற்றை இறுக்கிக் கட்டச் சின்ன விரல்களுக்கு வலு போதாது. தளர்வாகக் கட்டினால் கணுக்கால் மடங்கிவிடும். அவர் ரப்பர் விரிப்பில் மண்டியிட்டு, ஒரு காலைத் தம் தொடைமேல் வைத்து இறுக்கிவிட்டு, நிமிராமலேயே அடுத்த பிள்ளைக்கு நகர்ந்தார். எழும்போது மட்டும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

உங்கள் கேள்வியை அவரிடமே கேட்டுப் பாருங்கள். பயிற்சி முடிந்த பிறகு கேளுங்கள். அதற்கு முன் அவருக்குக் கயிறு கட்டும் வேலை இருக்கும்.