ஐரோப்பிய கார் பாதி விலைக்கு வருமா? ஓசூர் வாசகருக்கு ஒரு கணக்கு

கேள்வி: ஓசூரில் சின்னதாக ஒரு சிஎன்சி (கணினி இயக்கும் கடைசல் மெஷின்) பட்டறை நடத்துகிறேன். கார், லாரி கம்பெனிகளுக்கு சப்ளை செய்யும் பெரிய நிறுவனங்களுக்கு ஜாப் வொர்க் செய்து கொடுக்கிறோம். 60 லட்சத்தை ஒட்டி ஒரு ஜெர்மன் கார் வாங்கலாம் என்று முன்பணம் கட்டப் போன நேரத்தில், “ஐரோப்பாவோடு ஒப்பந்தம் வந்தாச்சு, வரி 110 சதவீதத்திலிருந்து 10 ஆகப் போகுது, விலை பாதியாயிடும், பொறு” என்கிறார் மச்சான். “உன் பட்டறைக்கும் சங்குதான்” என்று அவரே சேர்த்தும் சொல்கிறார். இரண்டில் எதை நம்புவது?

பதில்: காருக்காகக் காத்திருக்க வேண்டாம். பட்டறைக்காக இப்போதே வேலையைத் தொடங்குங்கள். மச்சான் சொன்ன எண்கள் சரிதான். ஆனால் அந்த 110 சதவீதத்தை, நீங்கள் வாங்க நினைக்கும் காருக்கு நீங்கள் கட்டுவதே இல்லை.

முதலில் என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம். இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தப் பேச்சு முடிந்துவிட்டதாக 2026 ஜனவரி 27 அன்று டெல்லியில் அறிவித்தன. கார்களுக்கான சுங்க வரி படிப்படியாக 10 சதவீதம் வரை இறங்கும். அதுவும் ஆண்டுக்கு 2.5 லட்சம் கார்கள் என்ற ஒதுக்கீட்டுக்குள் மட்டும். பிரிட்டனோடு 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான ஒப்பந்தமும் இதே பாணிதான்: ஒதுக்கீடு, படிப்படியான குறைப்பு, முதல் ஐந்தாண்டுகளுக்கு மின்சாரக் கார்களுக்குச் சலுகை இல்லை. இதுபோன்ற ஒப்பந்தங்களில் அறிவிப்பு வேறு, அமல் வேறு. கையெழுத்து, அந்தப் பக்கத்து நாடாளுமன்ற ஒப்புதல் எல்லாம் முடிந்து, நம் சுங்கத் துறை அறிவிக்கை வெளியிடும் நாளில்தான் ஷோரூம் விலைப் பட்டியலுக்கு அது தெரியவரும்.

இனி கணக்கு. சரக்குக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து 40 லட்சம் மதிப்புள்ள கார் ஒன்று முழு வண்டியாகத் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது என்று வையுங்கள். தொழிலில் இதை சிபியூ என்பார்கள். சுங்கம் 110 சதவீதம், அதாவது 44 லட்சம். சேர்த்தால் 84 லட்சம். ஜிஎஸ்டி 40 சதவீதம் என்பது 40 லட்சத்தின் மீது அல்ல, இந்த 84 லட்சத்தின் மீது, அது 33.6 லட்சம். ஆக 1 கோடியே 17.6 லட்சம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் சாலை வரி 20 சதவீதம். அதையும் போட்டால் 1.41 கோடி. டீலர் லாபம், இன்சூரன்ஸ் எல்லாம் இன்னும் சேர்க்கவில்லை.

சுங்கம் 10 சதவீதமானால் அதே கார் 44 லட்சத்தில் தொடங்கி, ஜிஎஸ்டியோடு 61.6 லட்சமாகி, சாலை வரியோடு சுமார் 74 லட்சத்தில் நிற்கும். சுங்கத்தில் குறையும் ஒவ்வொரு ரூபாயும் கடைசி விலையில் 1 ரூபாய் 68 காசு குறைக்கிறது. மச்சான் “பாதி விலை” என்று சொன்னது இந்தக் கணக்கைத்தான். இதில் தப்பே இல்லை.

ஆனால் 60 லட்சத்தை ஒட்டிய ஜெர்மன் கார் என்றால் பெரும்பாலும் பிஎம்டபிள்யூ எக்ஸ்1, மெர்சிடிஸ் சி-கிளாஸ், ஆடி க்யூ3 இந்த வகையறாதான். எக்ஸ்1 நம் செங்கல்பட்டு மாவட்டத்தில், மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பாகம் பாகமாக இணைத்துப் பூட்டப்படுகிறது. சி-கிளாஸ் புனே பக்கம் சாக்கனில். க்யூ3 அவுரங்காபாத்தில். பாகங்கள் பெட்டிகளில் வந்து இங்கே வண்டியாகின்றன. இதற்குப் பெயர் சிகேடி, இதற்கான அடிப்படைச் சுங்கம் 15 சதவீதம். இன்ஜினோ கியர்பாக்ஸோ அங்கேயே கோத்து வந்தால் மட்டும் 35.

அதே காரை இந்த வழியில் கொண்டு வாருங்கள். பெட்டியில் வரும் பாகங்கள் 34 லட்சம் என்று வைத்துக்கொள்வோம் (என் அனுமானம், மாடலுக்கு மாடல் மாறும், துணை வரிகளையும் எளிமைக்காக விட்டுவிட்டேன்). சுங்கம் 5.1 லட்சம். உள்ளூர்ப் பாகங்கள், கூலி, ஆலைச் செலவு எல்லாமாக ஒரு 4 லட்சம். மொத்தம் 43.1 லட்சம். ஜிஎஸ்டியோடு 60.3 லட்சம்.

மேலே வந்த 61.6 லட்சத்தோடு இதை ஒப்பிடுங்கள். வரி 10 சதவீதத்துக்கு இறங்கிய பிறகு முழு வண்டியாக வரும் கார் எந்த விலைக்கு வருமோ, அந்த விலையில்தான் உங்கள் கார் ஏற்கெனவே ஷோரூமில் நிற்கிறது. இதற்கு ஒப்பந்தமே தேவையில்லை என்பதற்கு நல்ல சாட்சி ரேஞ்ச் ரோவர். 2024 மே மாதம் அதை புனேவில் பூட்டப் போவதாக ஜாகுவார் லேண்ட்ரோவர் அறிவித்தபோது விலை 18 முதல் 22 சதவீதம் வரை இறங்கியது. சுங்க விகிதத்தை அப்போது யாரும் தொடவில்லை.

பாகங்களுக்கான வரியும் குறையப் போகிறதே, அதில் கொஞ்சம் இறங்காதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் இறங்கலாம். அதை யூரோ விழுங்கிவிடும் என்பதே என் பயம். 2025 தொடக்கத்தில் 90 ரூபாயை ஒட்டி இருந்த யூரோ, அந்த ஆண்டிலேயே 100 ரூபாயைத் தாண்டிப் போனது. ஐரோப்பியக் கம்பெனிகள் ஜனவரியில் தவறாமல் விலை ஏற்றும்போது சொல்லும் முதல் காரணமே இதுதான். தவிர, எந்தக் கம்பெனியும் வரிக் குறைப்பு முழுவதையும் அப்படியே வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடாது. பக்கத்து ஷோரூமில் என்ன விலை என்று பார்த்துத்தான் கொடுக்கும்.

காத்திருந்தால் லாபம் அடைபவர்களும் உண்டு. போர்ஷே வாங்குகிறவர் காத்திருக்கலாம், அது முழுக்க இறக்குமதி. உங்கள் பட்ஜெட்டிலேயே 2025இல் 53 லட்சத்துக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ போன்ற வண்டியின் மேல் மனம் இருந்தால், அதற்கும் காத்திருக்கலாம். எனவே டீலரிடம் ஒரே ஒரு கேள்வி: இந்த வேரியன்ட் சிபியூவா, சிகேடியா? ஒரே மாடலில் சாதா வேரியன்ட் இங்கே பூட்டியதாகவும், ஸ்போர்ட்ஸ் வேரியன்ட் முழு இறக்குமதியாகவும் இருக்கும். வாய் வார்த்தை வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். முழு இறக்குமதியான பழைய சொகுசு கார் எதையாவது செகண்ட் ஹேண்டில் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் கை வைக்காதீர்கள். புது வண்டியின் விலை இறங்கும் நாளில் அதன் மறுவிற்பனை விலை அதைவிட வேகமாக இறங்கும்.

கிரெட்டா, ஸ்விஃப்ட் வாங்குகிற கோடிக்கணக்கான குடும்பங்களுக்கு இதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஐரோப்பாவில் 20,000 யூரோ மதிப்புள்ள சாதாரண கார்கூட, 10 சதவீத வரியில், 100 ரூபாய் யூரோவில், 40 சதவீத ஜிஎஸ்டியோடு 30.8 லட்சம் ஆகிவிடும். அவர்களில் ஸ்விஃப்ட் போன்ற சிறிய கார் வாங்குகிறவர்களுக்கு உண்மையில் விலை குறைந்தது 2025 செப்டம்பர் 22 அன்று, சிறிய கார்களின் ஜிஎஸ்டி 18 சதவீதமானபோது.

சரி, பட்டறைக்கு வருவோம். அதிகம் யோசிக்க வேண்டியது இங்கேதான்.

பிஎம்டபிள்யூ 2007இல் சென்னை அருகே ஆலை போட்டதற்கு முக்கியக் காரணம், முழு காருக்கும் பெட்டியில் வரும் காருக்கும் இடையே இருந்த வரி இடைவெளி. அந்த ஆலை வந்ததால் பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள்: ஃபோர்ஸ் மோட்டார்ஸ் இன்ஜின் கோத்துக் கொடுத்தது, ஆக்சில் இசட்எஃப் ஹீரோவிடமிருந்து, சீட் லியரிடமிருந்து. இப்போது முழு காருக்கு 10, பெட்டிக்கு 15 என்று ஆனால் கணக்கு தலைகீழ். பெட்டிக்கான வரியும் கூடவே இறங்கினாலும், இடைவெளி என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. இருக்கிற உற்பத்தி லைனை யாரும் நாளைக்கே மூட மாட்டார்கள். முதலீடு போட்டாகிவிட்டது, ஆர்டரும் ஓடுகிறது. அடுத்த மாடலுக்கு இங்கே புது லைன் போடுவதா, இல்லை கப்பலில் வரவழைத்துக்கொள்வதா என்ற பேச்சு வரும்போதுதான் அடி விழும். அந்த அடி யார் கண்ணுக்கும் படாது, செய்தியாகவும் வராது.

ஆஸ்திரேலியாவில் இது முழுவதுமாக நடந்து முடிந்திருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் 57.5 சதவீதமாக இருந்த கார் சுங்கம் 2010இல் 5 சதவீதமானது. ஃபோர்டு 2016 அக்டோபரில் அங்கே உற்பத்தியை நிறுத்தியது. டொயோட்டாவும் ஹோல்டனும் 2017 அக்டோபரில். அதோடு அந்த நாட்டில் கார் உற்பத்தியே முடிந்தது. இதைக் காட்டி நம் ஊரிலும் அப்படியே ஆகும் என்று பயமுறுத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆஸ்திரேலியாவில் சந்தை சின்னது, கூலி அதிகம், அந்த நேரம் பார்த்து அவர்கள் டாலர் அமெரிக்க டாலரையே மிஞ்சி நின்றது. இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 43 லட்சம் பயணிகள் வாகனங்கள் விற்கின்றன. அந்த 2.5 லட்சம் ஒதுக்கீடு முழுவதும் நிரம்பினால்கூட அது 6 சதவீதத்தைத் தாண்டாது. ஆனால் அந்த 6 சதவீதம் முழுக்க மேல்தட்டு கார்களில்தான் விழும். அந்தக் கார்களுக்கு மட்டுமே சப்ளை செய்யும் பட்டறைக்கு ஆஸ்திரேலியக் கதை அவ்வளவு தூரத்தில் இல்லை.

ஆகவே நீங்கள் கடையும் பாகம் கடைசியில் எந்த வண்டியில் போய் உட்காருகிறது என்று விசாரியுங்கள். ஜாப் வொர்க் செய்யும் பலருக்கு இது தெரிவதில்லை. டிராயிங் வரும், செய்து அனுப்புவோம், அவ்வளவுதான். அசோக் லேலண்ட் லாரி, டிவிஎஸ் பைக், ஹூண்டாய் கார் என்றால் இந்த ஒப்பந்தத்தின் கார் பகுதி உங்களை இப்போதைக்கு நெருங்காது.

மச்சான் கண்ணில் படாமல் போனது, ஒப்பந்த அறிவிப்பில் காருக்கு அடுத்து வரும் வாசகம்: கார் பாகங்களுக்கான சுங்கம் 5 முதல் 10 ஆண்டுகளில் முழுவதும் நீங்கும் என்பது. உங்களுக்கு முக்கியம் இதுதான். புஷ், ஷாஃப்ட், பிராக்கெட் மாதிரியான கடைசல் வேலையை ஜெர்மன் கூலி கொடுத்துச் செய்து கப்பலில் ஏற்றி யாரும் இங்கே விற்கப் போவதில்லை. ஆபத்து அதற்கு மேல் படியில் இருப்பவர்களுக்கு: இன்ஜெக்டர், கியர்பாக்ஸ் உள்பாகங்கள், நுண்ணளவு பேரிங் போன்றவற்றை இங்கே செய்யத் தொடங்கியிருக்கும் நிறுவனங்கள். அவர்களில் ஒருவர் உங்கள் வாடிக்கையாளர் என்றால், அவருக்கு ஜலதோஷம் பிடித்தால் உங்களுக்குத் தும்மல் வரும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இந்தியாவிலிருந்து போகும் வாகன பாகங்களில் 30 சதவீதத்தை ஒட்டி ஐரோப்பாதான் வாங்குகிறது. அங்கே நம் பாகங்களுக்கு இருக்கும் வரி ஏற்கெனவே குறைவு. அது பூஜ்யமானால் ஆர்டர் கூடலாம், ஆனால் இதையே நம்பி மெஷின் வாங்காதீர்கள். 2026 ஜனவரி 1 முதல் இரும்பு, உருக்கு, அலுமினியப் பொருட்களுக்கு ஐரோப்பா கார்பன் கட்டணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. இரும்பு போல்ட், நட், ஸ்க்ரூகூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சுங்கம் இறங்கினாலும் இந்தக் கட்டணம் இறங்காது. உங்கள் பாகத்தை வாங்கி ஏற்றுமதி செய்கிறவர், உருக்கு எந்த ஆலையில் உருகியது, எவ்வளவு கார்பன் வெளியேறியது என்று கேட்டுக் கடிதம் அனுப்புவார். கம்பி எங்கே வாங்கினீர்கள், எந்த ஹீட் நம்பர் (உருக்கு ஒரே தடவையில் உருக்கப்பட்ட தொகுதியின் எண்) என்ற மில் சான்றிதழை இப்போதிருந்தே ஃபைலில் போட்டு வையுங்கள். ஒப்பந்தச் சலுகையோடு ஏற்றுமதி செய்யப் பொருள் இந்தியாவில் உருவானது என்று நிரூபிக்க வேண்டிய இடத்திலும் அதே ஃபைல் உதவும்.

அடுத்து, நீங்கள் செய்யும் பாகத்தின் எட்டு இலக்க எச்எஸ் குறியீட்டை (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்) ஆடிட்டரிடமோ வாடிக்கையாளரிடமோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தின் வரி அட்டவணையில் அந்தக் குறியீடு ஐந்தாண்டில் பூஜ்யமாகும் வரிசையில் இருக்கிறதா, பத்தாண்டு வரிசையிலா என்று பாருங்கள். ஐந்தாண்டு என்றால், புது மெஷினுக்கு ஏழு ஆண்டுக் கடன் வாங்கும் யோசனையை வங்கிக்குப் போகும் முன் ஒருமுறை மறுபரிசீலனை செய்யுங்கள்.